என் சிஸ்டத்துல நல்லா வருதே!

அச்சகம், விளம்பரக் கம்பெனி, வெப்சைட் செய்து தரும் மாடியறை என்று எழுத்தும் படமும் புழங்குகிற எந்த இடத்துக்குப் போனாலும் இந்தப் பிரகிருதியைப் பார்க்கலாம். அடுத்தவர் வேலையில் ஆயிரம் குற்றம் கண்டுபிடிப்பார். தன் வேலையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் முதலில் பத்திரிகையைக் கேட்டு வாங்குவார். மாப்பிள்ளையின் அப்பா பெயரில் ஒரு புள்ளி குறைவதை அந்த அப்பாவிடமே போய்ச் சொல்லி, அவர் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான் பந்தியில் உட்காருவார். சாப்பாடு அப்போதுதான் இறங்கும்.

தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில், டவுன்ஹால் ரோட்டுச் சந்து ஒன்றின் மாடியில் வெப்சைட் செய்து தரும் கடை போட்டிருந்த சிவபாண்டி இந்த இனத்தில் முதல் தரம். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சகக்காரர்களையும் டிசைன் பழகுகிறவர்களையும் கூட்டிவைத்து, பிழை பார்ப்பது எப்படி என்று வகுப்பு வேறு எடுப்பார்.

"எழுதுன சூட்டோட படிக்காதீங்கப்பா. எந்திரிச்சுப் போயி ஒரு டீயக் குடிச்சுட்டு வந்து படிங்க, வாய்விட்டுப் படிங்க. தலைப்பை எவனும் படிக்க மாட்டான், அதை மொதல்ல படிங்க. போட்டிருக்க போன் நம்பருக்கு ஒருக்கா அடிச்சுப் பாருங்க, எவன் எடுக்குறான்னு தெரியும். வெப்சைட்டா? அடுத்தவன் சிஸ்டத்துல தெறந்து பாருங்க. நம்ம சிஸ்டம் நமக்குச் சாதகமாத்தான் பேசும்!"

அத்தனையும் உண்மை. ஆனால் இந்த மருந்தெல்லாம் நோயாளிகளுக்கு அல்லவா? சிவபாண்டிக்கு என்ன நோய்?

அவரிடம்தான் ஹம்சவேணி வந்து மாட்டினாள். சுங்குடிச் சேலை வியாபாரம் அவளுக்கு. சிங்கப்பூர்க் கடைக்காரர் ஒருவர், "வெப்சைட்டில் சேலைகளைப் போடுங்கள், திங்கட்கிழமை பார்க்கிறேன், பிடித்தால் தீபாவளிச் சரக்கு முழுவதும் உங்களிடம்தான்" என்றிருந்தார். அதை நம்பி, சாயம் போடுவதற்கு முன் தனக்காகச் சேலையில் சுங்குடி முடிச்சுப் போடும் பெண்களிடம் வேறு யார் வேலையும் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தாள்.

சிவபாண்டி சேலைகளைப் படமெடுத்தார், பக்கங்களைச் செய்தார், நெட்டில் ஏற்றினார். தன் கம்ப்யூட்டர் முன் தலையைச் சாய்த்துப் பார்த்து, "அம்சமா இருக்கு" என்று தனக்குத் தானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டார். சோதனை முடிந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஹம்சவேணி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"அண்ணே, எழுத்து வருது, ஒரு சேலையக்கூடக் காணோம்ணே. படம் இருக்க வேண்டிய எடத்துல கட்டம் கட்டி சிவப்புல பெருக்கல் குறிதான் நிக்குது."

"என் சிஸ்டத்துல நல்லா வருதே!" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அதில் சேலைகள் பளபளவென்று இருந்தன.

"சென்டர்ல நெட்டு ஸ்லோவா இருக்கும் தங்கச்சி. ரெஃப்ரெஷ் பண்ணுனீங்களா?"

"பண்ணுனேண்ணே. ரெண்டு சென்டர்ல பாத்துட்டேன். எதுத்தாப்புல இருக்க சென்டருக்கு வந்து நீங்களே ஒருக்கா பாருங்களேன்."

"அங்க இருக்கதெல்லாம் டப்பா சிஸ்டம். இம்புட்டு வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்கே டெஸ்டிங்கா?"

"அப்ப சிங்கப்பூர்க்காரரு ப்ளைட் ஏறி வந்து, உங்க மாடியில நின்னுதான் சேலையப் பாக்கணுமாண்ணே?"

சிவபாண்டி பெரிய மனதோடு சிரித்தார். "திங்கக்கெழமைக்குள்ள தானா சரியாயிரும். சர்வர்னு ஒண்ணு இருக்கு, உங்களுக்குப் புரியாது."

நடந்தது இவ்வளவுதான். பக்கங்களை நெட்டில் ஏற்றிய மகான், படங்களை ஏற்ற மறந்துவிட்டார். அவற்றைத் தன் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டு, அங்கிருந்து எடுத்துக் காட்டும்படி பக்கங்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் சேலை தெரியும். உலகத்தின் மற்ற எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியாது. தெருவைக் கடந்து எதிர்ச் சென்டரில் உட்கார்ந்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். தெருவைக் கடக்க கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை சிங்கப்பூர்க்காரர் பார்த்தார். சேலை இல்லாத சேலைக் கடையிடம் என்ன பேசுவது? சரக்கை வேறிடத்தில் சொல்லிவிட்டார். ஹம்சவேணி வீடு வீடாகப் போய், தன்னை நம்பிக் காத்திருந்த பெண்களிடம் வேலை இல்லை என்று சொன்னாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறெரிகிறது.

சிவபாண்டிக்கு எரியவில்லை. சத்தமில்லாமல் படங்களை ஏற்றிவிட்டுப் போன் போட்டார். "இப்பப் பாருங்க தங்கச்சி, உங்க நெட்டு சரியாயிருச்சு!" அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் புதிதாக ஒரு யோசனையும் சேர்ந்தது: "கஸ்டமர் கடைசி நேரத்துல வந்து கொழப்புவாங்க. நாம அசரக் கூடாது."

அவரைத் திட்டுங்கள், நன்றாகத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் ஒன்று. இதைப் படித்துக்கொண்டே எங்கேயாவது ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று உங்கள் கண் துழாவியதே, எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? அகப்பட்டிருந்தால் தாராளமாக எழுதி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்ப்பீர்களா? மாட்டீர்கள். உங்களுக்கு எதற்கு அதெல்லாம்!