எங்கள் பாழும் கூரையைப் பற்றி மாப்பிள்ளைக்கு

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை ஷின்யா அவர்களுக்கு,

மியாசாகியிலிருந்து உங்கள் மாமனார் குரோகி தெருஹிசா எழுதுவது. ஒசாகாவில் குளிர் தொடங்கியிருக்கும். நீங்களும் மகள் கனயேயும் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போவீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். ஊறுகாய்த் தொட்டிகளும் நலம். கூரை மட்டும்தான் நலமில்லை.

செப்டம்பர் புயலில் நம் ஊறுகாய்த் தொழிற்சாலையின் கூரை பிய்த்துக்கொண்டு போனதை கனயே சொல்லியிருப்பாள். தெற்குப் பக்கம் முழுவதும் போய்விட்டது. நான்கு தகரங்கள் பக்கத்து நாகதோமோ குடமிளகாய் வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்தைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கின. மனிதர் மறுநாள் காலை அவற்றைத் துடைத்து, கயிறு போட்டுக் கட்டி, "உங்க தகரம் நம்ம பக்கம் வந்திருந்துச்சு" என்று கொண்டுவந்து கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவரே மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று கட்டிய நீலத் தார்ப்பாய்தான் இன்றும் மேலே படபடக்கிறது. டிசம்பர் முதல் வாரம் புது முள்ளங்கி வந்து இறங்கும். அதற்குள் கூரை போடாவிட்டால் நமக்காகப் பயிரிடும் எட்டுக் குடும்பத்து முள்ளங்கியும் ககோஷிமா வியாபாரிக்குப் போய்விடும். தொட்டியில் போட ஒன்றும் இல்லாமல் பதினொரு பெண்களை எந்த முகத்தோடு வேலைக்கு வரச் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஃபுகுவோகாவிலிருந்து சர்வேயர் மிசோகுச்சி வந்தார். நாற்பது வயது, சுத்தமான காலணி, கையில் படிவம். அவ்வளவு தூரம் நமக்காக வந்த மனிதரை எப்படி வரவேற்பது? எல்லாரும் வரவேற்கிற மாதிரிதான் வரவேற்றேன். "இந்தப் பாழடைஞ்ச இடத்துக்கு உங்களை வரவழைச்சதுக்கு வெக்கமா இருக்குங்க. கூரைன்னு பேருதான், ஓட்டையும் உடைசலுமா கெடந்தது" என்றேன். உங்கள் மாமியார் தேநீரோடு வந்து, "எல்லாம் எங்க அலட்சியம்தாங்க, வீட்டைப் பாத்துக்கவே துப்பில்லாத ஆளுங்க நாங்க" என்று குனிந்தாள். சாப்பிடக் கொடுத்த ஊறுகாயையும் வாயில் வைக்க லாயக்கில்லாதது என்றுதான் சொன்னோம். அவர் மூன்று தட்டு சாப்பிட்டார். ஊறுகாய் விஷயத்தில் எங்களை நம்பாத மனிதர், கூரை விஷயத்தில் மட்டும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார் என்பது பத்து நாள் கழித்துக் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. கடிதத்தில் இருந்தது இதுதான்: கூரை பழுதானது பழமையால், புயலால் அல்ல. உரிமையாளரும் அவர் மனைவியும் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே கோரிக்கை ஏற்கப்படவில்லை. மாப்பிள்ளை, அந்தக் கூரை போட்டு ஆறு வருடம்தான் ஆகிறது. உங்கள் கல்யாணத்துக்கு முந்தைய மாதம் போட்டது. நீங்களே அண்ணாந்து பார்த்து நல்ல வேலை என்று சொன்னீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அன்றைக்கும் நான்தான் சொல்லியிருப்பேன்.

மேல்முறையீடு செய்தேன். மறுபடி மிசோகுச்சி வரும் நாளுக்கு முன் ஒரு வாரம் பயிற்சி. பயிற்சியில் எங்கள் மேஸ்திரி ஹிதாகா அம்மாதான் சர்வேயர். தொட்டி ஓரம் நின்றுகொண்டு, "உங்க கூரை எப்படிங்க?" என்று கேட்பார். "நல்ல கூரை" என்று நான் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு வயதில் சொந்தப் பொருளை நல்லது என்று சொல்லிப் பழகுவது எவ்வளவு சிரமம் தெரியுமா? முதுகெல்லாம் வியர்க்கிறது. முதல் நாள் "சுமார்" வரை வந்தேன். நான்காம் நாள் "பரவாயில்லை". "முதலாளி, நீங்க பேசாம இருக்கறதே கம்பெனிக்கு நல்லதுங்க" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதும் சரிதான் என்று பட்டது. பேசுவதற்கு நாகதோமோவைச் சாட்சியாகக் கூப்பிட்டுக்கொண்டேன்.

நாகதோமோ அன்று மிக நன்றாகப் பேசினார். "இந்த ஊர்லயே உறுதியான கூரைங்க அது. வருஷா வருஷம் ஆணி ஆணியா தட்டிப் பாப்பாரு. என் கூடாரம் கிழிஞ்ச கிழிசலைப் பாத்தாலே தெரியும், எவ்வளவு கனமான தகரம்னு" என்றார். மிசோகுச்சி எழுதத் தொடங்கிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஒருவர் நம் முகத்துக்கு நேரே நம்மைப் புகழும்போது எப்படிச் சும்மா இருப்பது? "ஐயையோ, பக்கத்து வீட்டுக்காரரு, மரியாதைக்குச் சொல்றாருங்க. அதையெல்லாம் எழுதாதீங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. மிசோகுச்சி எழுதியதைக் கோடு போட்டு அடித்தார். உங்கள் மாமியார் சமையலறைக்குள் போனவள், அவர் கார் கிளம்பும் வரை வெளியே வரவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது, மாப்பிள்ளை. புயலாவது ஒரே ராத்திரியில் வேலையை முடித்துக்கொண்டு போனது. வருகிற வியாழக்கிழமை கடைசி விசாரணை. நீங்கள் ஒசாகாக்காரர். கடைக்காரர் சொன்ன விலையைச் சிரித்துக்கொண்டே பாதியாக்குவீர்கள், கூச்சநாச்சம் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பொறாமையில் சொல்கிறேன். ஒருநாள் விடுப்புப் போட்டு வந்து எனக்குப் பதிலாக உட்கார்ந்து, நல்ல கூரை, புயல்தான் கொண்டுபோனது என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிடுங்கள். நான் அன்று முழுவதும் நாகதோமோ வீட்டில் இருந்துகொள்கிறேன். குடமிளகாய் பறிக்க ஆள் வேண்டுமாம்.

கனயேவுக்கு என் ஆசிகள். உங்கள் தாயார் தந்தையாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள். குளிர் உங்கள் வீட்டு வாசலோடு திரும்பிப் போகட்டும்.

தங்கள் அன்புள்ள மாமனார்,
குரோகி தெருஹிசா

பி.கு: உறையை ஒட்டும் நேரத்தில் இன்சூரன்ஸ் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். கூரை போட்ட ரசீதையும் புகைப்படங்களையும் அவரே பார்த்தாராம். புயல் சேதம்தான், முழுத் தொகையும் தருகிறோம், சம்மதமா என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஐயையோ, அவ்வளவெல்லாம் எங்களுக்கு எதுக்குங்க" என்றேன். நிஜமாகவே வேண்டாமா என்று கேட்டார். "வேண்டாங்க, உங்களுக்கு வீண் சிரமம்" என்றேன். இரண்டு முறை மறுத்து மூன்றாம் முறை வாங்கிக்கொள்வதுதானே முறை? அந்த அம்மாள், "உங்களை மாதிரி நேர்மையானவங்களைப் பாத்ததே இல்லைங்க, கோரிக்கையை ரத்து பண்ணிடறேன்" என்று வைத்துவிட்டார். அது காலை பத்து மணிக்கு. இப்போது மணி நான்கு. மூன்றாம் முறை கேட்பதற்கு எப்படியும் கூப்பிடுவார் என்று தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.