அமெரிக்கா அண்ணாச்சியின் மாவு மில்

அமெரிக்காவில் ஒருவர் தும்மினால் பாளையங்கோட்டையில் முதலில் அறிந்துகொள்ளும் ஆள் எங்கள் மாவு மில் அண்ணாச்சிதான். மனிதர் வடக்கே கோவில்பட்டியைத் தாண்டியதில்லை. ஆனால் பாஸ்டனில் இன்று பனிக்காகப் பள்ளிக்கூடம் லீவா என்று கேட்டால் பட்டென்று சொல்வார். தெருவில் அமெரிக்கா அண்ணாச்சி என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

மில் ஓடும்போது பேச வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். தலை முதல் கால் வரை மாவைப் பூசிக்கொண்டு, செல்போனில் படித்ததையெல்லாம் கத்துவார். கோதுமை அரைபடும் வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அங்கன ஒரு காபி வாங்கினாக்கூட, டிப்ஸ் எவ்வளவுன்னு மிஷினு கேக்குதாம் வே!"

"கேட்டுட்டுப் போவட்டும் அண்ணாச்சி, என் கோதுமையப் பாருங்க!"

அமெரிக்கக் கடைகளில் வாங்குகிறவர்களே பில் போட்டுக்கொள்கிறார்கள் என்று படித்த வாரமே, மில்லிலும் அதைக் கொண்டுவந்துவிட்டார். வந்தவர்களே அரைத்துக்கொள்ள வேண்டும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். மூன்றாம் நாள் யாரோ மிளகாய் வற்றலை அரிசி மிஷினில் கொட்டிவிட்டார்கள். அதற்குப் பின்னால் அரிசி அரைத்த ஐந்து வீட்டிலும் மறுநாள் காலை புட்டு தின்றவர்கள் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார்கள். "அமெரிக்காவுலயும் சில கடையில அத எடுத்துட்டானாம் வே" என்று சொல்லிக்கொண்டே அண்ணாச்சி மறுபடி மிஷினுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

சர்ச்சைக் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும் சொல்வது எங்கள் ஊர் வழக்கம். கோயிலில் ஞாயிறு ஆராதனையின்போது, சபையார் எழுதிப் போடும் விண்ணப்பச் சீட்டுகளை ஐயர் வாசித்து ஜெபிப்பார். பிள்ளைப்பேறு, முழங்கால் வலி, கவர்மெண்ட் வேலை என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஐயர், "அமெரிக்காவில் முட்டை விலை குறைய" என்று வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சபை முழுவதும் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தது. அவர் கண்ணை இறுக மூடி, எல்லோருக்கும் முன்னால் ஆமென் சொன்னார். விலை குறைந்தபோது நன்றி சொல்லி ஸ்தோத்திரச் சீட்டும் போட்டார்.

என் மகள் மெர்சி அமெரிக்காவில்தான் இருக்கிறாள். மருமகனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன வருஷம் அந்தக் கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் அவருக்கும் வேலை போய்விட்டது. விசா சட்டப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால், பேத்தியின் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு எல்லோரும் ஊர் திரும்ப வேண்டும். நானும் என் மனைவியும் யாரிடமும் மூச்சு விடவில்லை. முக்கியமாக அண்ணாச்சியிடம். அவர் கத்தினால் சமாதானபுரம் வரை கேட்கும்.

ஆனால் அந்தக் கம்பெனிப் பெயரைச் சொல்லி அவரிடம் பத்துத் தடவை பெருமையடித்தவன் நான்தானே! செய்தியைப் படிக்காமல் விட்டிருப்பாரா? அடுத்த தடவை கோதுமைப் பையோடு பயந்துகொண்டேதான் போனேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். "சேரன்மகாதேவிப் பக்கம் நாத்து நல்லா வந்திருக்காம் வே" என்றார். நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். அதன் பிறகு நான் எப்போது போனாலும் வயலைப் பற்றித் தப்புத் தப்பாகப் பேசினார். அமெரிக்கா என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. அவர் செய்தியைப் பார்க்கவில்லை, தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாட்களில் கோயிலில் ஒரு சீட்டு வாராவாரம் வந்தது: "பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்துக்காக." யார் பெற்ற பிள்ளைகளோ, பாவம் என்று நானும் மனைவியும் உருகி உருகி ஜெபித்தோம்.

ஐம்பத்திரண்டாம் நாள் காலையில் மெர்சி கூப்பிட்டாள். வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. அப்பாடா! மனைவி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் சட்டையைக்கூட மாற்றாமல் மில்லுக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி! மருமவனுக்கு வேலை கெடைச்சிட்டு!"

யாருடைய மிளகாயோ பாதியில் கிடக்க, அவர் மிஷினை நிறுத்தினார். இருபது வருஷத்தில் யாருக்காகவும் அவர் அப்படி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். பிறகு பைய, "அப்ப இந்த ஞாயித்துக்கெழமை அந்தச் சீட்டு போட வேண்டாம், என்ன வே?" என்று கேட்டார்.

மாவும் மிளகாய்ப் பொடியுமாக நின்ற அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொண்டேன். கண் எரிந்ததற்கு மிளகாய்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பிறகு அவருடைய ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ரெண்டு மாசச் செய்தி இருக்குமே அண்ணாச்சி, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றேன்.