ஒரு வாளி சத்தியம்

"இனிமே எனக்குக் குளிக்க ஒரு நாளைக்கு ஒரே வாளி!" என்று தெருக்கூட்டத்தில் சத்தியம் செய்தேன். பலத்த கைதட்டல். தண்ணீர்த் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரியம்மா அங்கேயே என்னை எங்கள் தெருவின் தண்ணீர்த் தலைவராக்கிவிட்டார். மாதக் கடைசியில், சிக்கனத்தில் முதலாக வரும் தெருவுக்கு ஐயாயிரம் லிட்டர் தொட்டி பரிசு. எங்கள் புலவாயோ நகரத்தில் வாரத்துக்கு இரண்டு நாள் குழாய் பேசும். மற்ற ஐந்து நாள் அதைப் பற்றி நாங்கள் பேசுவோம். தொட்டி என்றால் சும்மாவா?

மறுநாள் காலையில்தான் என் உடம்பின் பரப்பளவு உறைத்தது. ஒரு வாளி தொப்பை வரைக்கும்தான் வந்தது. அதற்குக் கீழே தண்ணீர் வராத பகுதி.

ஊருக்குத் தண்ணி காட்டியாயிற்று, வீட்டுக்கும் காட்டலாம் என்று தோன்றியது. விடியும் முன் எழுந்து, குளியலறையில் மனைவி மாஞாத்தி நிரப்பி வைத்திருந்த டிரம்மில் கைவைத்தேன். மூன்றே நாளில் டிரம் பாதி.

"லுங்கிலே அப்பா, டிரம்முத் தண்ணி எங்க போகுது?" மகள் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"கசியுது மாஞாத்தி. பழைய டிரம்மு. அடியில ஊசி ஓட்டை இருக்கும்."

"தரை காஞ்சு கெடக்கே?"

"அதான் கசிவோட தந்திரம். கண்ணுக்கே தெரியாது."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். தலைவராச்சே!"

இருபது வருஷத்தில் அவள் என் பேச்சை இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதே இல்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் துறை கொடுத்த சாய மாத்திரைகளை வீடு வீடாக விநியோகித்தேன். கழிப்பறைத் தொட்டியில் ஒன்று போட்டால் போதும். எங்கே நிறம் தெரிகிறதோ அங்கே கசிவு. மீந்த பன்னிரண்டை வீட்டு அலமாரியில் வைத்தேன்.

சனிக்கிழமை பரிசளிப்பு. விடியற்காலையில் கரண்ட் இல்லை. தலைவர் பளபளவென்று போக வேண்டாமா? இருட்டிலேயே டிரம்மிலிருந்து ஆறு சொம்பு ஊற்றிக்கொண்டு, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மைதானத்துக்கு ஓடினேன். வழியெல்லாம் ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மத்தேமா வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார். பதவி வந்தால் முகத்தில் ஒரு களை வரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக்கைப் பிடித்தேன். "மக்களே! கசிவு ஒளிஞ்சாலும் நிறம் காட்டிக் கொடுத்துரும்!"

"கொடுத்துருச்சு தலைவரே!" என்று கத்தினார் மத்தேமா. மைதானமே சிரித்தது.

மாஞாத்தி எழுந்தாள். "எங்க வீட்டு டிரம்மு கசியுதுன்னு இவர்தான் சொன்னாரு. பன்னண்டு மாத்திரையையும் உள்ள போட்டேன். கசிவு இதோ, மைக்கப் பிடிச்சிக்கிட்டு நிக்குது!"

உள்ளங்கையைப் பார்த்தேன். நீலம். சட்டைக் காலர், அதைவிட நீலம். ஊரில் எல்லோருக்கும் சாயம் வெளுக்கும். எனக்கு மட்டும் சாயம் ஒட்டியிருந்தது. மானம் போய்விட்டது.

துறை அம்மா கண்ணீர் வரச் சிரித்தார். கசிவைக் கண்டுபிடித்ததில் எங்கள் தெருவை மிஞ்ச ஆளில்லை என்று தொட்டியை எங்களுக்கே கொடுத்தார். தலைவர் பதவியை மாஞாத்திக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கெஞ்சினேன். "மாஞாத்தி, இந்த நீலம் போக எத்தனை வாளி வேணும்?"

"ஏழு ஆகும்," என்றாள், தொட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டே. "ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்க. அடுத்த சனிக்கிழமை பழைய ஆளாயிடுவீங்க."