லா பாஸில் நான் இறக்கிய நாலு பேர்

எனக்குள் ஒரு தலைவன் ஒளிந்திருக்கிறான் என்று சில வருடங்கள் நம்பியிருந்தேன். நம்பியது மட்டுமல்ல, விருந்துகளில் சொல்லியும் திரிந்தேன். ஆதாரம்: பொலிவியாவின் லா பாஸ் நகரத்தில், தமிழில் ஒரு சொல்லும் தெரியாத நாலு பேர், நான் தமிழில் போட்ட கட்டளைக்கு பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். (தமிழ் தெரிந்த என் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.)

அது 2006. கனடாவில், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை எனக்கு. கூட வேலை செய்த லூக் என்ற கியூபெக் பொடியன், ஊழியர் சலுகையில் தென்னமெரிக்கா போகலாம், ஒரு முதுகுப்பை போதும் என்று ஆசை காட்டினான். கனேடியக் கடவுச்சீட்டு கைக்கு வந்து மூன்று மாதம். அதை யாரிடமாவது நீட்டிப் பார்க்க எனக்கும் கை துருதுருத்தது. மனைவி றீற்றாதான் மறித்தாள்.

"நாப்பது வயசிலை முதுகிலை பையைக் கட்டிக்கொண்டு திரியப் போறியளோ? நாங்கள் பை தூக்கிக்கொண்டு ஓடினது காணாதே?"

"அது ஓடினது. இது உல்லாசம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"இதிலை வீட்டுக்குத் திரும்பி வரலாம்."

அவள் என் பைக்குள் ஒரு அந்தோனியார் படத்தை வைத்துவிட்டாள்.

லா பாஸ் வானத்துக்குப் பக்கத்து ஊர். முதல் நாள் விடுதியின் பன்னிரண்டு படியும் ஏறுவதற்குள், சாகும்போது சொல்லும் மன்றாட்டை இரண்டு தரம் சொல்லி முடித்தேன். அங்கே தங்கியிருந்த சோபியா என்ற ஆர்ஜென்டீனப் பெண்ணும் இரண்டு ஒல்லாந்துப் பொடியங்களும் கொக்கா இலைத் தேநீர் ஊற்றி என்னை எழுப்பி உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து ஐந்து பேரும் ஒன்றாகத் திரிந்தோம். இரண்டாம் நாள், லாமா என்ற மலை ஒட்டகத்தின் காய்ந்த குட்டிகளைத் தொங்கவிட்டு விற்கும் சந்தை. மூன்றாம் நாள், மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்த பஸ் சடாரென்று நின்றது. வெளியே வரிசையாகச் சீருடைகள்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். யுத்த காலத்தில் சோதனைச்சாவடியில் பஸ் நின்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பையோடு இறங்கி, அடையாள அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்து, வரிசையாக நடக்கவேண்டும். வெறும் பஸ் அந்தப் பக்கம் போய்க் காத்து நிற்கும். ஆமிக்காரனின் முகத்தை மட்டும் பார்க்கக்கூடாது. சப்பாத்தைப் பார்த்தே நடக்கவேண்டும்.

கனடா வந்து பதின்மூன்று வருடம். பனியும் பிரெஞ்சும் மெட்ரோவும் படித்த என் கால்கள் ஒரே கணத்தில் வவுனியாவுக்குப் போய்விட்டன.

"இறங்குங்கோ! எல்லாரும் இறங்குங்கோ! பையையும் எடுங்கோ! ஒருத்தரும் கதையாதேங்கோ!" என்று கத்தினேன். (தொப்பி போட்ட பொலிவிய அம்மாக்கள் அசையவில்லை. அவர்களை ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டேன்.)

இறங்கி நடந்தபடி திரும்பிப் பார்த்தேன். லூக், சோபியா, ஒல்லாந்துப் பொடியங்கள் நாலு பேரும் தோளில் பை, நெஞ்சுக்கு நேரே கடவுச்சீட்டு, என் பின்னால் ஒரே வரிசையில். என் பயம் இரட்டித்தது. என்னைப் பிடித்தால் பரவாயில்லை, பழகிய உடம்பு. இந்தப் பிள்ளைகளுக்கு அடி வாங்கத் தெரியாதே!

கடைசிச் சோடிச் சப்பாத்து என் முன்னால் நின்றது. குனிந்த தலையோடு கடவுச்சீட்டை நீட்டினேன். வெள்ளைக் கையுறை ஒன்று வாங்கியது. மூன்று மாதக் கனடாக்காரன், இனி எந்த நாட்டுக்கு அனுப்புவார்களோ என்று நினைத்து முடிப்பதற்குள் தலைக்கு மேலே "டம்ம்!" என்றது. தெருவில் குப்புற விழுந்து படுத்துவிட்டேன்.

கண்ணைத் திறந்தால், லொறிச் சில்லு அளவில் ஒரு மேளம். அதற்குப் பின்னால் என் வயதுத் தொப்பைக்காரர் ஒருவர், என்னைவிடக் கலவரப்பட்ட முகத்தோடு. கோயில் திருநாளுக்குப் போகிற வாத்தியக்குழு. தெருவைக் கடக்க பஸ்ஸை மறித்திருந்தார்கள். கடவுச்சீட்டை வாங்கும்போது மறுகைக் கோல் மேளத்தில் பட்டிருக்கிறது.

அவர் மேளத்தை இறக்கி வைத்துவிட்டு என்னைத் தூக்கி நிறுத்தினார். படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தலையாட்டி, கடவுச்சீட்டை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். பின்னால் நின்ற நாலு பேருடையதையும் அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. பஸ் அந்தப் பக்கம் போய்க் காத்து நின்றது.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஷெர்புரூக் தெருவில் பஸ் சிவப்பு விளக்குக்கு நின்றால், என் மகள் பையைத் தூக்கிக்கொண்டு, "அப்பா, இறங்கோணுமோ?" என்பாள்.

சில வருடங்களுக்குப் பிறகு லூக் எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். நண்டுக்கறி உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் றீற்றா கேட்டாள்: "இவர் கத்தின கத்திலை நீங்களும் பயந்து போனியளோ?"

நான் பெருமையோடு பிரெஞ்சில் மொழிபெயர்த்தேன்.

லூக் என்னைப் பார்க்கவில்லை. றீற்றாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

"இல்லை. ஜன்னலால் மேளத்தை நாலு பேரும் கண்டுவிட்டோம். இவர் கடவுச்சீட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்து, நிலத்தைப் பார்த்தபடி இறங்கினார். தனியாகப் போகவிடக்கூடாது என்று சோபியா சொன்னாள். அதுதான் இறங்கினோம்."