கொக்கி மாஸ்டருக்குக் கேட்கவில்லை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மறதியும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஒன்றை அடித்துச் சொல்வேன். எங்கள் கொக்கி மாஸ்டர் மாதிரி மனுஷரைப் பேஜார் பண்ணுகிற ஆள் வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் தேடினாலும் கிடைக்கமாட்டார். அன்றைக்கு மட்டும் அவர் என்னைப் பேஜார் பண்ணாமல் விட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

சத்துவாச்சாரியில் எங்கள் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறார். அமிர்தி போகிற வழியில், மரத்துக்கு மரம் உயரத்தில் இரும்புக் கயிறு கட்டி ஜனங்களை நடக்கவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே இடுப்பில் பெல்ட் கட்டி மேலே அனுப்புவது அவர் வேலை. பெல்ட்டில் இரண்டு கொக்கி தொங்கும். மரம் மாறும்போது ஒன்றை மட்டும் கழற்றி, அடுத்த கயிற்றில் மாட்டி, “மாட்டியாச்சு!” என்று கத்த வேண்டும். கீழேயிருந்து அவர் “சரி!” என்ற பிறகுதான் மற்றதைத் தொடலாம். சத்தம் போதாவிட்டால், “கேக்கலை!”

வேலையை வேலையிடத்திலேயே விட்டுவிட்டு வருகிற ஆளா அவர்? கைக்குட்டை காயப்போட இரண்டு கிளிப். ஸ்கூட்டருக்கு இரண்டு சங்கிலி. ஷேர் ஆட்டோவில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்து, “மாட்டியாச்சு!” என்பார்.

“யோவ், ஏறுய்யா! இன்னா ராக்கெட்டா வுடப்போறேன்?” என்பான் டிரைவர்.

“நீ சரின்னு சொல்லு, ஏர்றேன்.”

ஆட்டோ நகர்ந்துவிடும். ஒரு கால் உள்ளே, ஒரு கால் ரோட்டில், அடுத்த ஸ்டாப் வரைக்கும் நொண்டியாட்டம்.

காலையில் அவர் மனைவி குரல் தெருவுக்கே கேட்கும். “ஏங்க, கேஸ் மூடியாச்சு!”

“கேக்கலை!”

“எதிர்வீட்டுக்காரங்களுக்கே கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்கலையா?”

“சரி!”

கல்யாணத்தில் மோதிரம் போட்டதும் “மாட்டியாச்சு!” என்று கத்தினாராம். பெண் ஏதோ முனகியதற்கு, பாஸ்டர் முன்னாலேயே “கேக்கலை!” என்றாராம். நான் பார்க்கவில்லை. தெருவில் சொல்வது.

கிறிஸ்துமஸ் முடிந்து எங்கள் சர்ச் பெண்கள் சங்கத்தை அந்த இடத்துக்கு வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள். பைகளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் போனேன். பாஸ்டரம்மா, “வாங்கக்கா, நீங்களும்” என்று கையைப் பிடித்தார். வேண்டாம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டு மரம் ஏறினவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

முதலில் தரையிலேயே ஒரு கயிற்றைக் கட்டி மாஸ்டர் பழக்கினார். எல்லோரும் கத்தினார்கள். சர்ச் பாட்டில் செய்கிறமாதிரி நான் வாயை மட்டும் அசைத்துத் தப்பித்துவிட்டேன்.

மேலே போனபோதுதான் மாட்டிக்கொண்டேன். முதல் கயிற்றில் தள்ளாடி நடந்து ஒரு மரத்தைப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நானே கொக்கி மாற்ற வேண்டும். எனக்கோ கத்த வராது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் காலம் போனது. அந்த இரைச்சலில் வாயால் பேசிப் பயனில்லை. நூல் வேண்டுமென்றால் விரலைச் சுற்றுவோம். சூப்பர்வைசர் வந்தால் மூக்கைத் தொடுவோம். வேலை சரியென்றால் கட்டைவிரல். அந்தப் பழக்கத்தில் ஒரு கொக்கியை மாற்றிவிட்டு, கீழே பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினேன்.

“கேக்கலை!”

“மாட்டியாச்சு” என்றேன். என் காதிலேயே விழவில்லை.

“கேக்கலை!”

பின்னால் மரத்தில் நின்ற பாஸ்டரம்மா கெஞ்சினார். “மாஸ்டர், அவங்களுக்கு சத்தமே வராதுங்க. நான் சொல்றேன், மாட்டிட்டாங்க!”

“உங்க கொக்கிக்கு நீங்க சொல்லுங்கம்மா. அவங்க கொக்கிக்கு அவங்க சொல்லட்டும்!”

“அக்கா, கத்துங்கக்கா! எனக்குத் தலை சுத்துது!”

அவமானத்தில் என் கை தானாக இரண்டாவது கொக்கிக்குப் போனது.

“யம்மா! கைய எடுங்க! தொடாதீங்க! சொல்லிட்டுத் தொடுங்க!”

நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். இவ்வளவு பேர் கேட்கச் சொல்லப்போகிறோமே, பொய்யாகிவிடக் கூடாதே என்று ஒரு தடவை குனிந்து கொக்கியைப் பார்த்தேன். கயிற்றில் இல்லை. என் பெல்ட் வளையத்திலேயே மாட்டியிருந்தேன். என்னை நானே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்! மற்றதையும் கழற்றியிருந்தால் பிடிக்க ஒன்றுமில்லை.

அதை எடுத்துக் கயிற்றில் மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினேன் பாருங்கள். “மாட்டியாச்சூ!” குரங்குகளெல்லாம் ஒரு கொக்கியும் மாட்டாமல் மரம் மாறி ஓடின.

“சரி!”

தரையில் கால் பட்டதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நடந்ததை மாஸ்டரிடம் முணுமுணுத்தேன். அவர் முகம் வெளுத்து, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். “கீழேருந்து எனக்குக் கொக்கி தெரியாதும்மா. கத்துறவங்க ஒரு தரம் பார்த்துட்டுத்தான் கத்துவாங்க. அதுக்குத்தான்.”

“நீ நல்லா இருக்கணும்ப்பா” என்றேன்.

“கேக்கலை!” என்றார். கண் கலங்கியிருந்தது.

வீட்டில் நான் தனி. இப்போதெல்லாம் காலையில் நானும் ஜன்னலைத் திறந்து, “கேஸ் மூடியாச்சு!” என்று கத்துகிறேன். எதிர்மாடியிலிருந்து “சரி!” என்று வந்த பிறகுதான் எனக்குக் காபி இறங்குகிறது.

முதலில் கழற்றுவது இடது கொக்கியா, வலதா என்பது மறந்துவிட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது மாஸ்டரிடம் கேட்டு, நான் எழுதியதைச் சரிபாருங்கள். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள்.