தவளை விழுங்கிய குடியுரிமை

ஒரு காட்டில், விண்ணப்பம் எழுதித் தராமல் கொட்டாவிகூட விட முடியாத ஒரு காட்டில், பொன்னரசி என்ற தவளை இருந்தாள். அவள் பிறந்தது பக்கத்துக் குளத்தில். குளம் தனி நாடு. ஒரே சமயத்தில் இரண்டு நாட்டுக்காரியாக இருக்கச் சட்டம் இடம் தராது. அதனால் குளத்துக் குடியுரிமையைத் துறந்து காட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தாள்.

"இந்த ஆலிலைதான் உன் சான்றிதழ். தொலைச்சியோ, நீ இந்தக் காட்டு ஜீவனே இல்ல," என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் குடியுரிமை அதிகாரி நரி அதைக் கொடுத்தது.

மழை வந்தது. தவளை முட்டையைப் புதரிலா இடும்? பொன்னரசி குளத்தில் போய் இட்டாள். பிள்ளைகள் வால் உதிர்ந்து கரையேறியதும் வந்தது வம்பு.

"காட்டு மண்ணுல பிறந்தாதான் காட்டுப் பிரஜை," என்றது நரி.

"தாய் எந்த நாடோ, பிள்ளையும் அந்த நாடு," என்றது குளத்து அதிகாரி நண்டு.

எந்த நாடும் ஏற்றுக்கொள்ளாத பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு பொன்னரசி கரையில் உட்கார்ந்து அழுதாள். பெற்ற வயிறு எரியாதா? அந்தச் சத்தம் கேட்டு ஒரு சாரைப்பாம்பு வந்து, பிள்ளைகளைப் பார்த்து வாயைத் திறந்தது.

நரி ஓடிவந்து தடுத்தது. "உள்ளூர்க்காரங்களைத் தின்னு, கேட்க மாட்டேன். வெளியாளைத் தின்னணும்னா அவங்க நாட்டு அனுமதி வேணும்."

"இதுங்களுக்குத்தான் நாடே இல்லையே!"

"அப்போ யாரு கையெழுத்துப் போடுவா?"

தாயும் வெளியாள்தான் என்று நினைத்துக்கொண்டு, பாம்பு பட்டினியோடு திரும்பிப் போனது.

மறுவாரம் நரி கை நிறைய ஆலிலைகளோடு வந்தது. "பொன்னரசி, சட்டத்தைத் திருத்தியாச்சு! தாய் காட்டுப் பிரஜைன்னா பிள்ளைங்களும் பிரஜைங்க. உன் சான்றிதழைக் காட்டு, இப்பவே கொடுத்துடறேன்."

பொன்னரசி சந்தோஷத்தில் துள்ளினாள். ஆலிலையை எடுத்து நீட்டப் போனாள்.

"மகராசன் இவர்தான் மனுப் போட்டு வாங்கிக் கொடுத்தார்," என்று நரி பின்னால் கைகாட்டியது. சாரைப்பாம்பு நாக்கை நீட்டி நீட்டிச் சிரித்தது.

"அட, அம்மாவும் நம்ம ஊரா? தெரியாம போச்சே!"

பொன்னரசி ஆலிலையை வாயில் திணித்து ஒரே மடக்கில் விழுங்கினாள்.

"எங்கேம்மா சான்றிதழ்?" என்றது நரி.

"எந்தச் சான்றிதழ்?" என்றாள் பொன்னரசி.

நீதி: குடியுரிமைச் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றைவிடப் பத்திரமான இடம் வேறில்லை.