நெஞ்சு அதிர நாற்பத்தைந்து ஹெர்ட்ஸ்

“கதவுக்கு என்ன, குளிர்ஜுரமா?” என்று கேட்டாள் பல் டாக்டரின் மனைவி.

வாசலில் நின்ற காருக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ‘தும்’முக்கும் கதவு ‘கடகட’வென்று பதில் சொன்னது.

“இதுக்குப் பேரு பேஸ் பூஸ்ட், அடிச்சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும்,” என்றார் டாக்டர். “மூணுல இருந்துச்சு. ஒன்பதுக்கு ஏத்தியிருக்கேன்.”

வினை ஆரம்பித்தது போன ஞாயிற்றுக்கிழமை. மனைவியின் தங்கை புருஷன், கல்லூரி பிரின்சிபால், புதிதாக சவுண்ட் சிஸ்டம் மாட்டிய தன் காரில் டாக்டரை ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போனார். சிக்னலில் வண்டி நின்றதுதான் தாமதம், சீட் அதிர்ந்தது, முதுகெலும்பு அதிர்ந்தது, டாக்டரின் மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிவரை வந்து எட்டிப் பார்த்தது.

“நாப்பத்தஞ்சு ஹெர்ட்ஸ்!” என்றார் பிரின்சிபால். “பேஸ்ங்கிறது காதால கேக்கிற விஷயமில்ல சகலை, நெஞ்சால கேக்கணும். செட்டிங் தெரியணும். உங்க வண்டியில வராது. பாவம்.”

பெயிலான மாணவனின் அப்பாவுக்குச் சொல்கிற அதே ‘பாவம்’. அது டாக்டருக்குள் சொத்தைப் பல்லாகக் குடைந்தது. அடுத்த ஞாயிறு இரண்டு குடும்பமும் டாக்டர் காரில் அருவிக்குப் போவதாக ஏற்பாடு. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். எட்டு மணி நேரம் ‘பாவம்’ கேட்க அவர் உடம்பில் தெம்பு இல்லை.

முதலில் கதவு. கிளினிக்கிலிருந்து ஒரு கட்டுப் பஞ்சு கொண்டுவந்து, பல் பிடுங்கிய இடத்தில் வைக்கிற பக்குவத்தோடு இடுக்கெல்லாம் திணித்தார். கடகட நின்றது. ஜன்னல் இறங்குவதும் நின்றது.

“காத்து வேணும்னா என்ன பண்றது?”

“ஏசி எதுக்கு இருக்கு?”

நெஞ்சு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. நாற்பத்தைந்து ஹெர்ட்ஸ் வைத்தார். பேஸ் தனித்துத் தெரியட்டும் என்று மற்ற எல்லாவற்றையும் சைபருக்கு இறக்கினார். பாடகி கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தாள்.

“இது பாட்டா? இல்ல, பக்கத்து வீட்டுல செவுரு இடிக்கிறாங்களா?”

“உனக்கு ஞானம் போதாது,” என்று வால்யூமைத் திருகினார். பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடி கழன்று அவர் மடியில் விழுந்தது.

விடுவாரா? பல் ஒட்டும் சிமென்ட் வந்தது. பிரமாதமான சிமென்ட், கோணம் பார்ப்பதற்குள் கல்லாகிவிட்டது.

“பின்னாடி வர்ற வண்டி தெரியுதா?”

“என் மூக்கு தெரியுது.”

“நல்லது. அதை இடிக்காம ஓட்டுங்க.”

சனிக்கிழமை பூஸ்டை உச்சத்துக்கு ஏற்றினார். ‘சர்’ரென்று ஸ்பீக்கர் கிழிந்தது. அதன்பிறகு வந்தது இசையல்ல, யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம். இருபது வருஷமாக கிளினிக்கில் கேட்கிற சத்தம்தான். தாளத்தோடு கேட்டது அன்றைக்குத்தான்.

“சகலைகிட்ட தோத்தா என்ன, குடியா முழுகிடும்? பேசாம உண்மையைச் சொல்லிடுங்க,” என்றாள் மனைவி. டாக்டர் ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்தார்.

ஞாயிறு காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மச்சினி மட்டும் இறங்கினாள்.

தீர்ப்புக்கு நிற்கும் கைதியைப் போலக் கேட்டார் டாக்டர்: “சகலை எங்கம்மா?”

“பின்னால வர்றார் அத்தான். அவருக்கு மனசே சரியில்ல. உங்ககிட்ட ஒரு யோசனை நேர்ல கேக்க கூச்சமாம், என்னைக் கேக்கச் சொன்னார்.”

“என்ன கேக்கணும்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“வியாழக்கிழமை சர்வீஸ்ல, எஞ்சினைத் தாங்குற ரப்பர் ஒடைஞ்சு வண்டி அதிருதுன்னு புதுசு போட்டாங்க, அதுலேருந்து எங்க வண்டியில பேஸே வரமாட்டேங்குது அத்தான்!”